கார்டு நம்பரைக் கடையில் வைக்கலாமா? ஆன்லைன் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கம் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. பனியன், பருத்திப் புடவை, முறுக்கு, குத்துவிளக்கு என்று எது விற்றாலும், பணம் வாங்கும் பக்கத்துக்கு வந்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. இந்தியாவிலிருந்து நடத்தும் கடை என்று வைத்துத்தான் பதில்கள்.

1. “கஸ்டமர் கார்டு நம்பரை நம்ம சிஸ்டத்துலயே சேவ் பண்ணி வச்சுக்கலாமா?”

கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்க இரண்டு தரப்புக்குத்தான் அனுமதி. ஒன்று, கார்டைக் கொடுத்த வங்கி. இன்னொன்று விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க். கடைக்கு அந்த அனுமதி கிடையாது. கடைக்காகப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கும் கிடையாது. முன்பு சேமித்து வைத்திருந்ததையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

ரிசர்வ் வங்கி இதை 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. கெடுதான் 2021 டிசம்பர், 2022 ஜூன், 2022 செப்டம்பர் என்று தள்ளிக்கொண்டே போனது. அதனால்தானோ என்னவோ, “இன்னும் தள்ளிப்போடுவாங்க சார்” என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். இல்லை, அந்தக் கதை முடிந்து வருஷங்கள் ஆகின்றன. டோக்கன் (2ஐப் பாருங்கள்) இல்லாமல் ஒருமுறை மட்டும் கார்டு போட்டு வாங்குபவர்களுக்காக, கணக்குத் தீர்க்கும் வரை, அதிகபட்சம் 4 நாள் வைத்திருக்கலாம் என்று 2022 ஜூலையில் ஒரு சலுகை வந்தது. அதுவும் கணக்குத் தீர்ப்பதற்கு மட்டும்தான், தீர்ந்ததும் அழித்துவிட வேண்டும். அதைக் காட்டி எக்செல் கோப்பு வைத்துக்கொள்ள முடியாது.

2. “அப்போ பெரிய ஆப்ல எல்லாம் என் கார்டு சேவ் ஆகித்தானே இருக்கு? அவங்களுக்கு மட்டும் எப்படி?”

அவர்களிடம் இருப்பது உங்கள் கார்டு நம்பர் இல்லை, அதற்குப் பதிலான ஒரு டோக்கன். கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு வில்லை தருவார்கள் இல்லையா? அந்த வில்லையை எடுத்துக்கொண்டு வேறு கோயிலுக்குப் போனால் செருப்பு கிடைக்காது. இதுவும் அப்படித்தான். ஒரு கார்டுக்கு ஒரு கடையில் ஒரு டோக்கன், இன்னொரு கடையில் வேறு டோக்கன். பார்க்க அதுவும் கார்டு நம்பர் போல நீளமான எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கடையிலிருந்து திருடிப்போனதை இன்னொரு கடையில் போட்டால் செல்லாது. ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமான ஒரு ரகசியக் குறியீடும் கூடவே போக வேண்டும்.

டோக்கன் போட வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டும், ஓடிபியும் கொடுக்க வேண்டும். அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. “கார்டைச் சேமிக்கவா?” என்ற பெட்டியில் நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்தால் அது சம்மதம் ஆகாது. இதை மாற்றச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள்.

3. “இந்த டோக்கன் எல்லாம் நான் ஆள் வச்சு கோட் எழுதணுமா?”

வேண்டாம். கேட்வேக்காரர்களே செய்து தருகிறார்கள், அவர்கள் டாஷ்போர்டில் கேட்டு இயக்கினால் போதும். உங்கள் பக்கம் வந்து சேர்வது ஒரு வாடிக்கையாளர் ஐடியும் ஒரு டோக்கன் குறிப்பும்தான்.

இன்னொன்று. உங்கள் கடைக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குப் புடவை வாங்குகிறவருக்கு கார்டைச் சேமித்து வைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் யூபிஐயில்தான் கட்டுகிறார்கள். மாதாமாதம் வாங்கும் பொருள் விற்பவர்களுக்குத்தான் இதில் நிஜமான பயன்.

4. “சரி, எதைத்தான் வச்சுக்கலாம்? எதுவுமே இல்லாம கணக்கு எப்படிப் பார்க்கிறது?”

கார்டின் கடைசி 4 எண்ணையும் வங்கியின் பெயரையும் கணக்குச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அதோடு தொகை, தேதி, ஆர்டர் எண், கேட்வே கொடுக்கும் பேமென்ட் ஐடி. ஆடிட்டருக்கும் இதற்கு மேல் வேண்டாம். முழு நம்பர், சிவிவி (கார்டில் அச்சடித்திருக்கும் மூன்று எண் ரகசியக் குறி), பின், ஓடிபி நான்கும் உங்களிடம் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது.

5. “கடைசி நாலு நம்பரை வச்சு ரீஃபண்ட் எப்படிக் கொடுப்பேன்?”

ரீஃபண்டுக்குக் கார்டு நம்பரே வேண்டாம். டாஷ்போர்டில் பேமென்ட் ஐடியைத் தேடி ரீஃபண்ட் பொத்தானை அழுத்தினால், பணம் வந்த வழியிலேயே திரும்பிப் போகும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு “மேடம், ரீஃபண்டுக்கு உங்க கார்டு நம்பர் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். மோசடிக்காரர்கள் கேட்பதும் அதே வரிதான். நாளைக்கு அவன் கேட்கும்போது அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வராது.

6. “நம்பர் இல்லாம சிவிவி மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன். அது பரவாயில்லைதானே?”

இதை நிஜமாகவே ஒருவர் கேட்டார். ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் சிவிவி, ஒரு நோட்டுப் புத்தகத்தில்.

கார்டு இந்த நிமிஷம் என் கையில் இருக்கிறது என்று வாடிக்கையாளர் காட்டுவதற்காகத்தான் அந்த மூன்று எண்ணே அச்சடிக்கப்படுகிறது. நம்பர் மட்டும் கசிந்தால் திருடன் அங்கே தடுக்கி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் எழுதி வைத்தால் அந்தத் தடுப்பை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. கார்டு நிறுவனங்களின் விதிப்படி, பணம் எடுக்க வங்கி ஒப்புதல் கொடுத்த பிறகு சிவிவியை என்கிரிப்ட் செய்தும்கூட, அதாவது சாவி இருந்தால்தான் படிக்க முடியும்படி பூட்டியும்கூட, வைக்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி உத்தரவுக்கு முன்பிருந்தே, உலகம் முழுக்க உள்ள விதி. அந்த நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள், எரித்துவிடுங்கள்.

7. “எங்ககிட்ட எஸ்எஸ்எல் இருக்கு, பூட்டுப் படம் வருது. அது போதாதா?”

எஸ்எஸ்எல் வழிப்பயணத்துக்குத்தான் காவல். வாடிக்கையாளரின் போனிலிருந்து சர்வர் வரை நடுவில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். வந்து சேர்ந்த பிறகு நீங்கள் அதை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள் என்பதற்கும் எஸ்எஸ்எல்லுக்கும் சம்பந்தம் இல்லை. போலித் தளங்களும் இலவசமாக எஸ்எஸ்எல் வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. பூட்டைப் பார்த்ததும் நல்ல கடை என்று மக்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்றுதான் குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

8. “பிசிஐ சர்டிஃபிகேட் இல்லைன்னா ஃபைன் வரும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். சின்னக் கடைக்கும் வேணுமா?”

பிசிஐ டிஎஸ்எஸ் என்பது கார்டு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு விதித்தொகுப்பு. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. அதைப் பராமரிக்க விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஐந்தும் சேர்ந்து 2006இல் ஒரு கவுன்சில் அமைத்தன. அரசாங்கச் சட்டம் இல்லை. ஆனால் கார்டு வாங்கும் எல்லோரையும், உங்களையும், வங்கியோடும் கேட்வேயோடும் போட்ட ஒப்பந்தம் வழியாகக் கட்டுப்படுத்தும். தலைப்புகள் மொத்தம் 12.

எவ்வளவு பாடு என்பது கார்டு நம்பர் உங்களைத் தொடுகிறதா என்பதைப் பொறுத்தது. பணம் வாங்கும் வேலை முழுவதும் கேட்வேயின் பக்கத்தில் நடந்தால், எஸ்ஏக்யூ ஏ என்ற சின்னச் சுயமதிப்பீட்டுப் படிவம் போதும். அதை வருஷம் ஒருமுறை நீங்களே நிரப்பலாம். 4ஆம் பதிப்பிலிருந்து இவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து தளத்தை ஸ்கேன் செய்யும் நிபந்தனை சேர்ந்திருக்கிறது. நம்பர் உங்கள் சர்வர் வழியாகப் போனால் எஸ்ஏக்யூ டி என்ற பெரிய படிவம். அது ஒரு கடைக்காரர் தனியாக உட்கார்ந்து நிரப்பக்கூடியது இல்லை. உங்களைப் பயமுறுத்தியவர் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அதையே சர்டிஃபிகேட் என்று விற்கிறவராக இருக்கலாம். எந்தப் படிவம் என்று முதலில் கேளுங்கள்.

9. “பணம் கட்டுற பக்கமும் நம்ம டிசைன்லயே இருக்கணும். வேற சைட்டுக்குப் போனா கஸ்டமர் பயந்து ஓடிடுறாங்க.”

நியாயமான கவலைதான். கேட்வேயின் பக்கத்துக்கே அனுப்பிவிடுவது ஒரு வழி. உங்கள் பக்கத்துக்குள்ளேயே கேட்வேயின் சட்டம் ஒன்றை (ஐஃப்ரேம் என்னும் சின்ன ஜன்னல்) பதிப்பது இன்னொரு வழி. பார்க்க உங்கள் பக்கம் போலவே இருக்கும். ஆனால் எண்ணைத் தட்டும் கட்டம் கேட்வேயினுடையது, எண் உங்கள் சர்வரைத் தொடாது. உங்கள் லோகோ, நிறம் எல்லாம் வைக்கலாம். பெரும்பாலான கடைகளுக்கு நான் இதைத்தான் போடுகிறேன்.

மூன்றாவது வழி, நீங்களே படிவம் செய்து எண்ணை வாங்கி கேட்வேக்கு அனுப்புவது. டிசைனர்களுக்கு இது பிடிக்கும். இதைச் செய்த அந்த நிமிஷமே 8இல் சொன்ன பெரிய படிவம் உங்கள் தலையில் விழுகிறது.

10. “நான் கேக்கவே இல்லை, கஸ்டமரே வாட்ஸ்அப்ல கார்டை போட்டோ எடுத்து அனுப்பிடுறாங்க. நான் என்ன செய்ய?”

என் அனுபவத்தில் சின்னக் கடைகளில் கார்டு விவரம் அதிகம் தங்கியிருக்கும் இடம் சர்வர் இல்லை, இந்த வாட்ஸ்அப்தான். ஹேக்கரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடக்கும் போனை யாரும் நினைப்பதில்லை.

அந்தப் போட்டோ எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். சாட்டில் இருக்கிறது. தானாக கேலரியில் இறங்குகிறது. அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறுகிறது. பில்லிங் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அங்கேயும் தெரிகிறது, பேக் செய்யும் பையன் எட்டிப் பார்த்தால் முடிந்தது. “அண்ணா இதைக் கொஞ்சம் போட்டுடுங்க” என்று கணக்கு பார்ப்பவருக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால் அவர் போனிலும் அதே சங்கிலி. நீங்கள் உங்கள் சாட்டில் அழித்தால் உங்கள் சாட்டில் மட்டும்தான் போகும். எல்லோருக்குமாக நீக்க அனுப்பியவரால்தான் முடியும். கேலரிக் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

நான் கடைகளுக்கு ஒரு பதிலை எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப் பிசினஸில் குறுக்குவழிப் பதிலாகச் சேமித்து வைக்கச் சொல்கிறேன்: “அக்கா, கார்டு போட்டோ எங்களுக்கு வேண்டாம், அழித்துவிட்டோம். நீங்களும் எல்லோருக்கும் நீக்கிவிடுங்கள். இந்த லிங்கில் கட்டினால் போதும்.” லிங்க் என்பது கேட்வே டாஷ்போர்டில் தொகையைத் தட்டினால் வரும் பேமென்ட் லிங்க். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அனுப்பியிருந்தால், வங்கி ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை உடனே நிறுத்தி வைத்துவிட்டு வேறு கார்டு கேட்கச் சொல்லுங்கள். அந்த நிறுத்தும் வசதி 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியிலும் உண்டு. கேலரியில் தானாக இறங்குவதையும் இன்றைக்கே அணைத்து வையுங்கள்.

11. “போன்ல கார்டு நம்பர் சொல்றாங்க, நான் டைப் பண்றேன், ஓடிபி வந்ததும் அவங்களே சொல்லிடுறாங்க. வயசானவங்க, பாவம்.”

நல்ல மனசுதான், ஆனால் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி மாதாமாதம் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்க, “இந்தக் கடைக்குச் சொல்லலாம்” என்று நீங்கள் பழக்குகிறீர்கள். அழைப்பு பதிவாகும் போனாக இருந்தால் சிவிவியும் ஒலிக்கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஒலியாக இருந்தாலும் 6இல் சொன்ன தடை அதற்கும் உண்டு. பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். முடியாதவருக்கு கேஷ் ஆன் டெலிவரி.

12. “நாங்க சும்மா வைக்கலை, என்கிரிப்ட் பண்ணித்தான் வச்சிருக்கோம். ஏஇஎஸ் 256னு டெவலப்பர் சொன்னார்.”

முதலில், 1ஐப் பாருங்கள். எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் இந்தியாவில் ஒரு கடை அதை வைத்திருக்கவே கூடாது. எனவே இது தீர்ந்துபோன கேள்வி. ஆனாலும் ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது, இதே சிந்தனை பாஸ்வேர்டு, ஆதார் என்று மற்ற இடங்களிலும் வரும்.

ஏஇஎஸ் 256 என்பது வலுவான ஒரு என்கிரிப்ஷன் முறை. அதை உடைப்பார்கள் என்ற பயமே வேண்டாம். உடைக்க மாட்டார்கள், சாவியை எடுப்பார்கள். சாவி எங்கே இருக்கிறது என்று அந்த டெவலப்பரிடம் கேட்டேன். அதே சர்வரில், அதே ஃபோல்டரில், கான்ஃபிக் கோப்பில் இருந்தது. பீரோவைப் பூட்டிச் சாவியை பீரோ மேலேயே வைப்பது நம் வீட்டுப் பழக்கம், அது கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. இரவு எடுக்கும் பேக்கப்பில் பீரோவும் சாவியும் ஒரே ஜிப் கோப்பில் போய்க்கொண்டிருந்தன. வங்கிகள் சாவிக்கென்று தனிக் கருவி வைக்கின்றன. சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது, குறித்த காலத்தில் மாற்றுகிறார்கள், ஒரே ஆளிடம் முழுச் சாவியும் இருக்காது. முறுக்குக் கடைக்கு இதெல்லாம் எதற்கு?

பேஸ்64 என்று யாராவது சொன்னால் அது பூட்டே இல்லை, எழுத்தை மாற்றி எழுதுவது மட்டும்தான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம்.

13. “ஹாஷ் பண்ணி வச்சா? அதைத்தான் திருப்பவே முடியாதே?”

ஹாஷ் என்பது ஒரு எண்ணை ஒருவழிக் கணக்கில் போட்டு வேறொரு குறியீடாக மாற்றுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்டு நம்பர் 16 எண். முதல் 6 எண் எந்த வங்கி, என்ன கார்டு என்று சொல்லும் எண், அந்தப் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. கடைசி 4ஐ நீங்களே பில்லுக்காகப் பக்கத்து நெடுவரிசையில் வைத்திருக்கிறீர்கள். ஆக, தெரியாதது நடுவில் 6 எண், அதாவது 10 லட்சம் வாய்ப்பு. கார்டு நம்பரில் கடைசி எண் சரிபார்ப்பு எண் என்பதால் (15ஐப் பாருங்கள்) அதில் பத்தில் ஒன்றுதான் பொருந்தும். மிச்சம் 1 லட்சம். ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரண லேப்டாப்புக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும்.

கடைசி 4 தெரியாவிட்டாலும் 100 கோடி வாய்ப்புதான், ஒரு கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சில நொடி வேலை. ஹாஷைத் திருப்ப முடியாது என்பது உண்மை. திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, முன்னாலிருந்தே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். இதனால்தான் கார்டு எண்ணுக்கு ரகசியச் சாவி சேர்ந்த ஹாஷ்தான் செல்லும் என்று பிசிஐயின் புதிய பதிப்பு 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியது. சாவி என்று வந்ததும் 12க்கே திரும்பிப் போய்விட்டோம்.

14. “எங்க டேட்டாபேஸ்ல கார்டு நம்பருக்கு இடமே கிடையாது. அப்போ எங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2022க்கு முன்னால் ஒரு புடவைக் கடைக்கு, 9இல் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்றாவது வழியில் தளம் செய்திருந்தேன். ஒருநாள் ராத்திரி பணம் கட்டுவது தோற்றுக்கொண்டே இருந்தது. என்ன அனுப்புகிறது என்று பார்க்க, பணம் வாங்கும் ப்ளக்இன்னில் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) டீபக் என்ற பிழை தேடும் பொத்தானை இயக்கினேன். பிழை கிடைத்தது, சரி செய்தேன், தூங்கப் போனேன். அணைக்க மறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து சர்வரில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. எது நிறைத்தது என்று தேடினால் ஒரு லாக் கோப்பு, அதாவது நடப்பதையெல்லாம் தானாக எழுதி வைக்கும் கோப்பு. திறந்தேன். வரிக்கு வரி பெயர், முகவரி, 16 எண், காலாவதித் தேதி, அதற்கடுத்து மூன்று எண். அந்த ஃபோல்டர் வெளியிலிருந்து முகவரி தெரிந்தால் யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டர். யாரும் திறக்கவில்லை என்று அணுகல் பதிவில் பார்த்து உறுதி செய்யும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன், கேட்வேயிடமும் சொன்னோம். பேக்கப்புகளிலும் அது போயிருந்தது, ஒவ்வொன்றாக அழித்தோம்.

இது சின்னவர்கள் தப்பு மட்டும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தில் 2018இல் நடந்த திருட்டை அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் விசாரித்தபோது, சோதனைக்காகப் போட்ட ஒரு வசதியை அணைக்காமல் விட்டதால் 2015 டிசம்பரிலிருந்து கார்டு விவரங்கள் லாக்கில் பச்சையாகப் பதிவாகிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. பெரும்பாலும் சிவிவியோடு. பதிவுகள் 95 நாள் இருக்கும். அப்படித் தாக்குதல்காரருக்கு எட்டும் இடத்தில் கிடந்தவை சுமார் 1,08,000 கார்டுகள். அவர்களுடைய டேட்டாபேஸ் திட்டத்திலும் அதற்கு இடம் கிடையாதுதான்.

15. “அப்படி எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கார்டு எண்ணுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த கணக்கு அது. வலது கோடி எண்ணை விட்டு, அதற்கு அடுத்ததில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு எண்ணை இரட்டியுங்கள், இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழியுங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். 10ஆல் மீதியின்றி வகுபட்டால் அது கார்டு எண்ணாக இருக்கலாம். எல்லோரும் சோதனைக்குப் போடும் 4111 1111 1111 1111ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பவை 4ம் ஏழு 1களும், அதாவது 8 + 14. இரட்டிக்காதவை எட்டு 1கள், 8. மொத்தம் 30. சரியாக வருகிறது.

13 முதல் 19 எண் வரை தொடர்ந்து வரும் எதையும் பிடித்து, இந்தக் கணக்கில் தேறுவதை மட்டும் காட்டும் சின்ன நிரல் எழுத டெவலப்பருக்கு அரைமணி நேரம் போதும். இடைவெளியும் கோடும் போட்டு எழுதியிருப்பார்கள், அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். லாக், பேக்கப், பழைய எக்செல், கடை மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். “ஆர்டர் குறிப்பு” கட்டத்தை மறக்காதீர்கள். “பிரவுன் கலர் அனுப்பவும்” என்று எழுத வேண்டிய இடத்தில் கார்டு எண்ணை எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்திலேயே இந்தச் சோதனையை வைத்து, தேறினால் சேமிக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

16. “நம்பர் என் சர்வரைத் தொடவே இல்லை. தொடாததை எப்படித் திருடுவான்?”

வாடிக்கையாளர் தட்டும்போதே அவருடைய பிரவுசரில் திருடுவான். பிரிட்டிஷ் ஏர்வேஸில் திருட்டின் முக்கியப் பகுதியே இதுதான். தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் கடைசியில் 22 வரி சேர்த்தார்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும், நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் இன்னொரு முகவரிக்கும் விவரம் போனது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை. பணம் ஒழுங்காக எடுக்கப்பட்டது, டிக்கெட்டும் வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

9இல் சொன்ன பதித்த சட்டம் இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள பக்கம் உங்களுடையது. அங்கே புகுந்தவன் நிஜச் சட்டத்தை மறைத்துப் பொய்ச் சட்டத்தை வைக்கலாம். ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் சாட் பொம்மை, விளம்பரக் கண்காணிப்பு, பாப்-அப், பனித்துளி விழும் அலங்காரம் எதுவும் வேண்டாம். ப்ளக்இன்களைப் புதுப்பியுங்கள், பயன்படுத்தாததை அழியுங்கள். எந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்று கட்டுப்படுத்தும் சிஎஸ்பி வரியைப் போடச் சொல்லுங்கள். அட்மின் கடவுச்சொல்லை மூன்று பேர் பகிர்ந்துகொள்வதை நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னதுதான் நடக்கவே மாட்டேன் என்கிறது.

17. “மாசாமாசம் சந்தா எடுக்கணும். டோக்கன் இருந்தா ஓடிபி இல்லாம எடுத்துக்கலாம்தானே?”

டோக்கன் மட்டும் போதாது, வாடிக்கையாளர் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தரும் அனுமதி) பதிய வேண்டும். பதியும்போது ஒருமுறை ஓடிபி. பிறகு ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அவருக்கு அறிவிப்பு போகும், வேண்டாம் என்றால் அவர் நிறுத்தலாம். 2022 ஜூன் முதல் ரூ. 15,000 வரை இப்படி ஓடிபி இல்லாமல் எடுக்கலாம். கேட்வேயிடம் சப்ஸ்கிரிப்ஷன் வசதி கேளுங்கள், அறிவிப்பையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

18. “கஸ்டமருக்குப் புதுக் கார்டு வந்துட்டா பழைய டோக்கன் என்ன ஆகும்?”

புதிய கார்டை உங்கள் கடையோடு இணைக்கலாமா என்று வங்கி அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதனால் சில சந்தா திடீரென்று நின்றுபோகும். அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்காமல், மறுபடி பதியும் லிங்கை அனுப்புங்கள். “சேமித்த கார்டை நீக்கு” என்ற வழியும் உங்கள் தளத்தில் இருந்தாக வேண்டும், விதியிலேயே இருக்கிறது.

19. “எங்க கஸ்டமர் பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய். வெளிநாட்டு கார்டுக்கு இந்த ரூல் எல்லாம் கிடையாதே, வச்சுக்கலாமே?”

டோக்கன் விதி நம் நாட்டுக் கார்டுகளை மனதில் வைத்து வந்தது என்பது சரி. ஆனால் பிசிஐ எந்த நாட்டுக் கார்டுக்கும் உண்டு. கசிந்தால் அந்த நாட்டு வங்கி உங்கள் கேட்வே வழியாக உங்களைத்தான் தேடி வரும். ஒரே தளத்தில் ஒரு சாராருக்குச் சேமித்து இன்னொரு சாராருக்குச் சேமிக்காமல் வைக்க, நிரலில் ஒரு நிபந்தனை வரிதான் காவல். அந்த வரி என்றாவது தப்பும். வெளிநாட்டுக் கார்டுக்கு உங்கள் கவலை சேமிப்பது இல்லை, சார்ஜ்பேக், அதாவது வாடிக்கையாளர் புகார் செய்து வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப எடுப்பது. சில கார்டுகளுக்கு ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும், பிறகு “நான் வாங்கவில்லை” என்பார்கள். கூரியர் ரசீது, கையெழுத்து, பேசிய சாட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வாதாட உதவுவது அவைதான்.

20. “கசிஞ்சே போச்சுன்னு வைங்க. முதல்ல யாரைக் கூப்பிடணும்?”

கேட்வேயை. அவர்களிடம் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், உங்கள் தளம் அவர்களோடு பேசப் பயன்படுத்தும் சாவிகளை ரத்து செய்து புதியது தருவார்கள், கார்டு நெட்வொர்க்குக்குச் சொல்வதும் அவர்கள் வழியாகத்தான். அடுத்து செர்ட்-இன், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கடை சின்னது என்ற விலக்கு எழுதப்படவில்லை. அதே உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கவும் சொல்கிறது. லாக் வேண்டும், அதில் கார்டு எண் இருக்கக் கூடாது, 14இல் பட்ட பாடு அதற்குத்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் கசியவிட்டால் ரூ. 250 கோடி வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. முறுக்குக் கடைக்கு அந்தத் தொகை வராது, ஆனால் “எங்களுக்குப் பொருந்தாது” என்று சொல்லவும் முடியாது.

தளத்தைப் பராமரிப்புப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அட்மின் கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். சர்வரை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவிவிடாதீர்கள். பயத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் டெவலப்பர் பையன் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டான். காலையில் எத்தனை கார்டு போனது என்று கேட்வேயில் கேட்டார்கள். சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. கடைசியில் அந்த வருஷம் கார்டு போட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் கடைக்காரர் போன் போட வேண்டியதாகிவிட்டது.